வலி நின்னுட்டா பல் சரியாயிருச்சா?



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு சொத்தைப் பல். "இதுல என்ன இருக்கு எழுத, எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று நினைப்பீர்கள். எல்லாருக்கும் இருக்கிறதால்தான் யாரும் அதை ஒரு நோயாகவே நினைப்பதில்லை. 2002-2003ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஒரு பல் நலக் கணக்கெடுப்பு நடந்தது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நடத்தியது. அதில் 12 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 53 பேருக்கு மேல் சொத்தைப் பல் இருந்தது. 15 வயதில் அது 100க்கு 63 ஆகிவிட்டது. எனக்கு இப்போது 14 வயது. அதாவது சொத்தை வேகமாக ஏறுகிற வயதில்தான் நாம் இருக்கிறோம்.

உலகக் கணக்கும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நிரந்தரப் பல்லில் சொத்தை உள்ளவர்கள் சுமார் 200 கோடி பேர். பால் பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கும் மேல்.

பூச்சி அரிக்கிறதா?

எங்க அப்பத்தா "பல்லைப் பூச்சி அரிச்சிருச்சு" என்றுதான் சொல்லும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்து, "இந்தா பாரு பூச்சி விழுந்துருச்சு" என்று காட்டுகிறவர்கள் முன்பு ஊர் ஊராக வருவார்களாம். நம்ம நாட்டில் மட்டும் இல்லை, ஐரோப்பாவிலும் ஒரு செடியின் விதையைப் போட்டு இதே மாதிரி புகை பிடித்திருக்கிறார்கள். அங்கே பூச்சி என்று காட்டியது, விதை சூட்டில் வெடித்து வெளியே வந்த வெள்ளை முளைதான்.

பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728லேயே ஒரு புத்தகம் எழுதி, பல்லைக் கெடுப்பது புழு இல்லை, சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு மில்லர் என்ற அமெரிக்கர், ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்து 1890ல் முழுக் காரணத்தையும் விளக்கினார். அது இதுதான்.

நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், கொழகொழவென்று ஒரு படலம் இருக்கும். அது அவைகளின் குடியிருப்பு. நாம் இனிப்போ மாவுப் பண்டமோ சாப்பிட்டால் அவையும் சாப்பிடும். சாப்பிட்டுவிட்டு அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் பல்லில் உள்ள கால்சியம், பாஸ்பேட் எல்லாவற்றையும் கரைக்கும். கரைந்து கரைந்து குழி விழுவதுதான் சொத்தை.

நம்பிக்கை இல்லையா? சத்துணவு முட்டையை உரித்த ஓட்டை எடுத்து ஒரு டம்ளர் வினிகரில் போட்டுப் பாருங்கள். எலுமிச்சைச் சாற்றிலும் செய்யலாம். உடனே நுரை நுரையாகக் குமிழி வரும். ஒரு நாள் இரண்டு நாளில் கெட்டியான ஓடு போய், மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும். முட்டை ஓடும் பல்லும் ஒரே பொருள் இல்லை. ஆனால் இரண்டிலும் கால்சியம் உண்டு, இரண்டையும் அமிலம் கரைக்கும். நாம் அமிலம், காரம் பாடத்தில் படிக்கும் பி.எச். அளவு வாய்க்குள் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் ஓடான எனாமல் கரைய ஆரம்பிக்கிறது.

எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள், எலும்பை விடக் கடினம். ஆனால் ஒரு குறை. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டால் கூடிவிடும், ஏனென்றால் அதில் உயிரணுக்கள் இருக்கின்றன. எனாமலில் உயிரணு கிடையாது. குழி விழுந்துவிட்டால் தானாக மூடவே மூடாது.

நாலு படி

சொத்தை ஒரே நாளில் வருவது இல்லை. படிப்படியாக இறங்குகிறது.

முதல் படி: பல்லில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி மங்கலான வெள்ளைப் புள்ளி. வலியே இருக்காது. இந்தப் படியில் மட்டும்தான் பல் திரும்பி வர முடியும். நன்றாகத் துலக்கி, இனிப்பைக் குறைத்தால் எச்சிலில் உள்ள தாது உப்புகளும் பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடும் அந்த இடத்தை மறுபடி கெட்டியாக்கிவிடும்.

இரண்டாம் படி: பழுப்பாக அல்லது கருப்பாகக் குழி. சோறு, கடலைத் துணுக்கு போய் மாட்டும். அநேகமாக இப்போதும் வலி இருக்காது.

மூன்றாம் படி: எனாமலுக்கு உள்ளே இருக்கிற மென்மையான அடுக்கில் குழி இறங்கிவிடும். ஐஸ் பட்டால், இனிப்புப் பட்டால் சுரீர் என்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

நாலாம் படி: பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற இடத்தைத் தொட்டுவிடும். ராத்திரி தூக்கம் போகும். காது, தலை வரைக்கும் வலி ஏறும்.

கவனித்தீர்களா? நாலு படியில் முதல் இரண்டு படியில் வலியே இல்லை. நாமோ வலி வந்தால்தான் ஆஸ்பத்திரி என்று இருக்கிறோம்.

வலி நிற்பது நல்ல சேதி இல்லை

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். இரண்டு தடவை படியுங்கள்.

எங்க சித்தி பூ எடுக்கிற வேலைக்குப் போகிறவங்க. விடியுறதுக்கு முன்னாடி மல்லிகைத் தோட்டத்துக்குப் போனாத்தான் அன்னைக்குக் கூலி. அவங்களுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டே வேலைக்குப் போனாங்க. கொஞ்ச நாளில் வலி சுத்தமா நின்னுருச்சு. "பாத்தியா, தானா சரியாயிருச்சு" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அடுத்த மாசம் ஒரு நாள் காலையில் தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், காய்ச்சலோடு எழுந்தாங்க. பல்லையும் எடுத்து, மருந்தும் சாப்பிட்டு, ஒரு வாரம் வேலைக்குப் போகலை. ஒரு வாரக் கூலி போச்சு. வலி ஆரம்பித்தபோதே வந்திருந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாங்களாம்.

வலி ஏன் நின்றது? நரம்பு செத்துப் போனதால் நின்றது. வலியைச் சொல்லுவதற்கு ஆள் இல்லை, ஆனால் கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது. வேர் நுனி வழியாக எலும்புக்குள் போய்ச் சீழ் கட்டும். அதுதான் பிறகு வீக்கமாக வெளியே வருகிறது. ஆகவே, பயங்கரமாக வலித்த பல் ஒன்றும் செய்யாமலே வலி நின்றுவிட்டால், அது ஆறியது இல்லை. அப்போதுதான் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆறு வயசுப் பல்லை மறக்காதீங்க

"பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்று தம்பி தங்கைகளின் பல்லை விட்டுவிடுகிறோம். இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பால் பல் அடியில் வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாயில் உள்ள பால் பல் சில 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதுப் பல் கோணலாக வரும்.

இரண்டு, ஏறக்குறைய 6 வயதில் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் புதுசாக வருவதால் அம்மா அப்பா அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அது நிரந்தரப் பல். போனால் வேறு முளைக்காது. அதன் மேலே பள்ளம் பள்ளமாக இருப்பதால் உணவு தங்கி முதலில் சொத்தையாவதும் அநேகமாக அதுதான். உங்கள் வீட்டில் ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

வராமல் தடுப்பது எப்படி?

முதலில் இனிப்பு. நாம் அழகருக்குச் சர்க்கரைச் செம்பு எடுக்கிற ஊர்க்காரர்கள். சித்திரைத் திருவிழாவில் செம்பு நிறையச் சர்க்கரை வைத்து, மேலே சூடம் ஏற்றிக் கும்பிட்டு, அந்தச் சர்க்கரையை எல்லாருக்கும் கொடுப்பார்கள். அதை வாங்காதே என்று நான் சொல்லவே மாட்டேன். பல்லுக்கு முக்கியம் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தடவை இனிப்புச் சாப்பிட்டால், வாயில் உள்ள அமிலத்தை எச்சில் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து தேன் மிட்டாயையும் சேர்த்துச் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரே ஒரு அடி. அதே ஐந்தை இன்டர்வலுக்கு ஒன்று, மதியம் ஒன்று, பி.டி. பீரியடில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று சாப்பிட்டால் ஐந்து அடி. எச்சில் பாவம், எத்தனை தடவைதான் சரிசெய்யும்? பல்லில் ஒட்டிக்கொள்ளும் சவ்வு மிட்டாய், கிரீம் பிஸ்கட் இன்னும் மோசம். நடுவில் பசித்தால் கொய்யாக்காய், வெள்ளரிக்காய், கடலை, சுண்டல் சாப்பிடலாம்.

தூங்கும்போது கைக்குழந்தைக்குச் சீனி போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்துவிடும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். முன் பற்கள் வரிசையாகக் கருத்துப் போவதற்கு அது ஒரு காரணம்.

அடுத்தது துலக்குவது. காலை ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை, இரண்டு இரண்டு நிமிஷம். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் ராத்திரிதான். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரக்கும், பல்லுக்குக் காவல் இருக்காது. ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது.

ஆலங்குச்சி, வேலங்குச்சிப் பழமொழி நமக்கெல்லாம் தெரியும். குச்சியை நன்றாக மென்று தும்பு மாதிரி ஆக்கி மெதுவாகத் தேய்த்தால் அழுக்குப் போகும், தப்பில்லை. ஆனால் அதில் ஃபுளோரைடு கிடையாது. செங்கல் பொடி, சாம்பல், கரி இவை பளபளப்பைக் கொடுக்கிற மாதிரி இருக்கும். நாளடைவில் எனாமலையே தேய்த்துவிடும்.

ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2021ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. விலை அதிகமான பேஸ்ட் வேண்டும் என்பது இல்லை, அட்டையில் ஃபுளோரைடு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டி.வி. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க வைக்கிற மாதிரி வைக்க வேண்டாம். 3 வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வயதுக்கு ஒரு பட்டாணி அளவு. விழுங்கக் கூடாது. துலக்கி முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும், குடம் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிப் போய்விடும்.

இதே ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்தது, எலும்புகூடப் பாதித்தது. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் கறை வேறு, சொத்தை வேறு. ஃபுளோரைடு அதிகமான ஊர்க்காரர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் பேஸ்ட் வாங்க வேண்டும்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

ஒன்றும் இல்லாவிட்டாலும்: வருஷத்துக்கு ஒரு தடவையாவது.

இந்த மாதத்துக்குள்: வெள்ளைப் புள்ளி, கருப்புக் குழி, உணவு மாட்டுவது, துலக்கும்போது ஈறில் ரத்தம் வருவது.

இந்த வாரத்துக்குள்: குளிர்ச்சி, இனிப்புப் பட்டால் கூச்சம், கடித்தால் வலி, வலித்து நின்றுபோன பல், ஈறில் சீழ்க் கொப்புளம்.

நாளைக் காலையிலேயே: தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கன்னத்தில் வீக்கம்.

ராத்திரியாக இருந்தாலும் உடனே: வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவுவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல். இது உயிருக்கே ஆபத்து. 108க்குக் கூப்பிட வேண்டும்.

தாத்தா, அப்பத்தாவுக்கு: வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு வாயில் ஒரு புண் இரண்டு வாரம் ஆகியும் ஆறவில்லை என்றாலோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

கபடியில் பல் விழுந்தால்: நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேல் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். பாலில் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல்லை அப்படிப் பொருத்த மாட்டார்கள்.

போகும் வரைக்கும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். கிராம்பு கொஞ்சம் மரக்க வைக்கும், அவ்வளவுதான், குழியை மூடாது. தலைவலி மாத்திரையைப் பொடித்துப் பல் மேல் வைக்கக் கூடாது, ஈறு வெந்துபோகும். புகையிலை வைப்பதும் கூடவே கூடாது.

பயம் வேண்டாம்

"மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும்" என்று எங்க தெருவிலேயே சொல்லுவாங்க. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போகாது. சொல்லப்போனால், எடுக்க வேண்டிய பல்லை எடுக்காமல் விட்டு வரும் வீக்கம்தான் கண் பக்கம் பரவும்.

"பல்லைச் சுத்தம் பண்ணினா ஆட்டம் கொடுத்துரும்" என்பதும் தப்பு. பல்லிடுக்கில் கல் மாதிரி படிந்த காரையை எடுத்ததும் இடைவெளி தெரியும், அதனால் அப்படித் தோன்றுகிறது. காரையை விட்டு வைத்தால்தான் ஈறு இறங்கி, கடைசியில் பல் ஆடும்.

போனவுடனே பிடுங்கிவிடுவார்கள் என்பதும் இல்லை. சின்னக் குழி என்றால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள், பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். நரம்பு வரை போயிருந்தால் வேர் சிகிச்சை, அதற்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரலாம், செலவும் கூடும். ஒன்றும் செய்ய முடியாத பல்லைத்தான் எடுப்பார்கள், அதையும் மரக்க ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். படி ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. காசு இல்லை என்று தள்ளிப் போடுகிறோம், தள்ளிப் போடுவதால்தான் அதிகக் காசு ஆகிறது.

எங்கே போவது?

நம் பக்கத்துக்காரர்கள் முதலில் மேலூர் அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். மதுரை என்றால், அழகர் ஆத்தில் இறங்கப் போகிற அதே ரோட்டில் தல்லாகுளம் தாண்டினால் கோரிப்பாளையம். அங்கே அரசு இராசாசி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே படிக்கிற டாக்டர்கள் பேராசிரியர்கள் மேற்பார்வையில் வைத்தியம் பார்ப்பார்கள், கட்டணம் பொதுவாகக் குறைவு.

இன்னொன்று. 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013ல் ஒரு திட்டம் ஆரம்பித்தது. அதன்படி அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வருகிறது. பல்லும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அவர்கள் வரும்போது வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாமல், "சார், இங்க ஒரு குழி இருக்கு" என்று நீங்களே காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதியம் தட்டுக் கழுவும்போது எல்லாரும் வாயையும் இரண்டு மடக்குத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும் என்று பிரேயரில் ஒரு தடவை சொல்லுங்கள். காசு செலவு இல்லாத காரியம்.

தோழர்களே, இன்றைக்குச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள். கடைசிப் பல் வரைக்கும் பாருங்கள். பிறகு தம்பி தங்கைக்கும், அம்மாவுக்கும் பாருங்கள். நம்ம வீட்டில் எல்லாருக்கும் பார்த்துவிட்டு, தனக்குப் பார்க்காமல் விடுவது அம்மாதான். நாலு படியில் எத்தனாவது படி என்று உங்களுக்கே இப்போது தெரியும். வீட்டில் சொல்லி, ஒரு லீவு நாள் வருவதற்குள் போகும் நாளைக் குறித்துவிடுங்கள்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி,
அழகர்கோவில்.